டிராக் குவீன் என்ற சொல்: மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் நாடகம் பற்றியும் பாலினம் பற்றியும் நடக்கும் வகுப்புகளிலும் வாசிப்புக் கூட்டங்களிலும் பேசி வருகிறேன். எந்தத் தலைப்பில் தொடங்கினாலும் 'டிராக் குவீன்' என்ற சொல் ஒருமுறையாவது எழுந்து, அதைச் சுற்றி ஒரே வகையான ஐயங்கள் வருகின்றன. கல்லூரி மாணவர்கள், பிள்ளைகளின் கைபேசியில் கண்ட காணொளியால் திகைத்த பெற்றோர், ஊர்த் திருவிழாக்களில் ஆடும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள், செய்திகளை மொழிபெயர்ப்பவர்கள் என்று கேட்பவர் மாறினாலும் கேள்வி அதிகம் மாறுவதில்லை. அக்கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

டிராக் குவீன்னா யாருங்க? சுருக்கமாச் சொல்லுங்க.

பார்வையாளர்களுக்காக மிகையான பெண் ஒப்பனையும் உடையும் அணிந்து, தமக்கென்று ஒரு மேடைப் பெயரும் குணமும் உள்ள பெண் பாத்திரமாக ஆடியோ பாடியோ பேசியோ நடிக்கும் கலைஞரை டிராக் குவீன் என்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 'டிராக்' என்பது வேடத்துக்கும் அந்தக் கலைக்கும் பெயர். 'டிராக் குவீன்' என்பது அதைச் செய்பவருக்குப் பெயர். ஒப்பனையைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது அந்தப் பெயரையும் மேடையிலேயே விட்டுச் செல்வது பெரும்பாலோரின் வழக்கம்.

ருபால் என்ற கலைஞர் நடத்த, 2009இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் வழியாகத்தான் இச்சொல் நம் ஊர் இளைஞர்கள் பலரை வந்தடைந்தது. அதனால் அது நேற்று முளைத்த சொல் என்று எண்ணிவிடக் கூடாது. அதிலுள்ள 'டிராக்' என்ற பகுதியின் வயது நூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டுகிறது என்பதைக் கீழே பார்க்கலாம்.

அப்ப திருநங்கையும் டிராக் குவீனும் ஒண்ணுதானே? ரெண்டு பேரும் சேலைதானே கட்டுறாங்க?

ஒன்றல்ல. இந்தப் பக்கத்தை நான் எழுதுவதற்கு முதற்காரணமே இந்தக் கேள்விதான். பிறந்தபோது ஆண் என்று பதியப்பட்டாலும், தம்மைப் பெண்ணாக உணர்ந்து பெண்ணாகவே வாழ்பவர் திருநங்கை. அவர் கட்டும் சேலை அவருடைய உடை, அது வேடமன்று. டிராக் குவீனுக்கு அதே சேலை வேடத்தின் ஒரு பகுதி. முன்னது ஒருவர் யார் என்பதைச் சொல்கிறது, பின்னது அவர் என்ன செய்கிறார் என்பதைச் சொல்கிறது.

மதுரையில் பிறந்து, தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்று, 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்ற நர்த்தகி நடராஜை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் திருநங்கை, மேடையில் நாயகியாக ஆடுகிறார். அவரை டிராக் குவீன் என்றால் அது பிழை, ஏனென்றால் அங்கே ஒரு பெண் பெண்ணாக ஆடுகிறார். திருநங்கையரில் சிலர் டிராக் கலைஞராகவும் இருப்பதுண்டு. ஆசிரியராக இருப்பவர் பாடகராகவும் இருக்கலாம் என்பதைப் போன்றதுதான் அது.

இரண்டையும் குழப்புவதால் இரு தரப்பினருக்கும் தீங்கு நேர்கிறது. திருநங்கையை வேடம் போட்டவர் என்று சொன்னால் அவர் வாழ்க்கையையே பொய் என்று சொன்னதாகிறது. கூத்தில் திரௌபதி வேடம் கட்டும் ஒருவரைப் பார்த்து 'ஒருவேளை அப்படி இருப்பாரோ' என்று கிசுகிசுத்தால் அவர் ஆண்டுக்கணக்கில் பயின்ற அடவும் பாட்டும் கண்ணில் படாமல் போகின்றன.

டிராக் குவீன்கள் எல்லாருமே ஆணை விரும்புற ஆண்களா?

பலர் அப்படி, எல்லாரும் அல்லர். மேற்கத்திய நகரங்களில் இக்கலை தன்பாலீர்ப்பு உடையோர் கூடிய விடுதிகளிலும் நடன அரங்குகளிலும் வளர்ந்ததால் இரண்டும் சேர்த்தே பேசப்படுகின்றன. வேடத்தை வைத்து ஒருவர் யாரை விரும்புகிறார் என்று முடிவு கட்ட முடியாது.

'டிராக்'னா இழுக்கிறதுதானே? உடுப்புக்கும் இழுக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?

ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு இழுத்தல் என்பதே அடிப்படைப் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நாடகக்காரர்களிடையே, பெண் வேடமிடும் ஆண் அணியும் நீண்ட பாவாடை தரையில் இழுபடுவதால் அவ்வுடைக்கு 'டிராக்' என்று பெயர் வந்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். மாற்று விளக்கம் ஒன்றும் உண்டு. ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த யித்திஷ் மொழியில் அணிதல் என்று பொருள்படும் 'ட்ரோகன்' என்ற வினைச்சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கு முதல் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. மேடையில் கால் தடுக்காமல் நடக்கப் பழகிய ஒருவரின் வாயில் பிறந்த சொல்லாக அது ஒலிக்கிறது.

அச்சில் இப்பொருளில் அச்சொல் தென்படுவது 1870இல். அவ்வாண்டு ஏப்ரலில் லண்டனின் ஸ்ட்ராண்ட் அரங்கிலிருந்து பெண் உடையில் வெளியே வந்த எர்னஸ்ட் போல்ட்டன், ஃபிரெடெரிக் பார்க் என்ற இருவரைக் காவலர்கள் கைது செய்தார்கள். அவ்விருவரும் ஸ்டெல்லா, ஃபேனி என்ற பெயர்களில் பெண் வேடமிட்டு நடித்து வந்தவர்கள். வழக்கு ஊரெங்கும் பேசப்பட்டபோது, அதுவரை நாடகக் கொட்டகைக்குள் மட்டும் புழங்கிய சொல்லைப் பத்திரிகைகள் பொருளோடு விளக்கி எழுதின. 1871இல் அவர்கள் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள்.

ஷேக்ஸ்பியர் தன் நாடகத்துல 'பெண்ணாக உடுத்தியவர்'னு இங்கிலீஷ்ல குறிச்சு வச்ச முதலெழுத்துகள்தான் டிராக்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே, நிஜமா?

நிஜமல்ல. அவருடைய பிரதிகளில் அத்தகைய குறிப்பு இல்லை. அக்கால ஆங்கில மேடையில் பெண் பாத்திரங்களைச் சிறுவர்களே ஏற்றார்கள் என்பது உண்மை. அந்த உண்மையின் மேல் பிற்காலத்தில் ஏற்றிய கதை இது. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல்லுக்கு விளக்கம் தரும் செய்திகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான்.

சரி, 'குவீன்' எதுக்கு? ராணி மாதிரி நகையெல்லாம் போடுறதாலயா?

அப்படித்தான் இன்று எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள், கலைஞர்களும் அந்தப் பொருளை மகிழ்ந்து ஏற்றுக்கொண்டு மகுடம் சூட்டிக்கொள்கிறார்கள். ஆனால் சொல்லின் வேர் சற்றுக் கசப்பானது. பழைய ஆங்கிலத்தில் ஒரே மூலத்திலிருந்து கிளைத்த இரு சொற்கள் இருந்தன. ஒன்று அரசன் மனைவியைக் குறித்து உயர்ந்தது; மற்றொன்று முதலில் பெண் என்ற பொதுப்பொருளில் இருந்து, பிறகு நடத்தை கெட்டவள் என்ற வசையாகத் தாழ்ந்தது. காலப்போக்கில் இரண்டின் உச்சரிப்பும் ஒன்றாகிவிட்டது. பெண்மை தோன்ற நடக்கும் ஆண்களை இழிவாகச் சொல்லப் பயன்பட்டது அந்தத் தாழ்ந்த சொல்தான். அவ்வாறு அழைக்கப்பட்டவர்கள் அதையே எடுத்து அரசி என்ற பொருளில் அணிந்துகொண்டார்கள்.

'டிராக்', 'குவீன்' இரண்டும் இணைந்த வடிவம் 1940களின் தொடக்கத்தில் அச்சுக்கு வந்துவிட்டது. அதற்கு வெகு முன்பே அதற்கு நெருங்கிய ஒரு வடிவம் புழங்கியது. அடுத்த பதில் அதைப் பற்றியது.

தன்னை இப்படி முதல்ல சொல்லிக்கிட்டவர் யாருன்னு தெரியுமா?

இதுவரை கிடைத்த பதிவுகளின்படி வில்லியம் டோர்சி ஸ்வான் என்பவர். அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமை முறைக்குள் பிறந்த கறுப்பினத்தவர். 1880களில் வாஷிங்டன் நகரில் தம் போன்ற ஆண்களைத் திரட்டி, பட்டும் சாட்டினும் உடுத்திய நடன விருந்துகளை இரகசியமாக நடத்தினார். அவ்விருந்துகளில் அவர் 'டிராக்கின் அரசி' என்று தம்மைச் சொல்லிக்கொண்டார். 1888 ஏப்ரலில் காவலர்கள் நுழைந்தபோது மற்றவர்கள் ஓட, அவர் எதிர்த்து நின்றார்.

1896இல் ஒழுக்கக்கேடான இல்லம் நடத்தியதாகக் குற்றம் சாட்டிச் சிறையில் அடைக்கப்பட்டபோது, குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லண்டுக்கு மன்னிப்பு மனு அனுப்பினார். அது மறுக்கப்பட்டது. மனு தோற்றது என்றாலும், இவ்வாறு கூடுவதற்கான உரிமையை ஒரு மனிதர் அரசிடம் எழுத்தில் கேட்டார் என்ற செய்தி பதிவாகிவிட்டது. இந்தச் சொல்லின் வரலாற்றில் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் பெயர் இது. அடிமையாகப் பிறந்தவர் தமக்குத் தாமே அரசிப் பட்டம் சூட்டினார் என்பதை அவர்கள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

மத்த மொழிக்காரங்க இதுக்கு என்ன பேர் வச்சிருக்காங்க?

இன்று பல மொழிகள் ஆங்கிலச் சொல்லையே ஒலிபெயர்த்து வைத்துக்கொண்டுள்ளன. ஜப்பானியரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். சீனர்கள் மட்டும் வேடம் மாற்றும் பேரரசி என்று பொருள்படும்படி மொழிபெயர்த்துக்கொண்டார்கள். ஆனால் இந்த இறக்குமதிக்கு முன்பே அவ்விரு நாடுகளிலும் ஆண்கள் பெண் வேடம் ஏற்கும் பெருங்கலைகள் இருந்தன. ஜப்பானில் 1629இல் கபுகி மேடையில் பெண்கள் நடிக்கத் தடை விதிக்கப்பட்டது. அதன்பின் பெண் பாத்திரங்களை ஆண்களே ஏற்று, 'ஒன்னகாத்தா' என்ற பெயரில் தனியொரு பயிற்சி முறையை வளர்த்தார்கள். யோஷிசாவா அயாமே என்ற பதினேழாம் நூற்றாண்டு இறுதியில் புகழ்பெற்ற நடிகர், மேடைக்கு வெளியிலும் பெண்ணைப் போலவே வாழ்ந்தால்தான் மேடையில் பெண்மை கைகூடும் என்று கற்பித்தார். சீன இசை நாடகத்தில் பெண் பாத்திர வகைக்கு 'டான்' என்று பெயர். அதில் உலகப்புகழ் பெற்ற மெய் லான்ஃபாங் 1930இல் அமெரிக்காவிலும் 1935இல் சோவியத் நாட்டிலும் ஆடிக் காட்டினார்.

ஐரோப்பியச் சொற்களின் பயணம்தான் எனக்கு மிகவும் பாடம் புகட்டியது. உடை மாற்றுதல் என்று பொருள்படும் இலத்தீன் வேர்களிலிருந்து இத்தாலியம் வழியாகப் பிரெஞ்சுக்கு 'திரவெஸ்தி' என்ற சொல் வந்தது. பிரெஞ்சு மேடையில் அது எதிர்ப்பாலின வேடத்தைக் குறித்தது. அதே வேர்களைக் கொண்டு 1910இல் ஜெர்மன் மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட், எதிர்ப்பாலின உடை அணிய விழைவோருக்கு 'டிரான்ஸ்வெஸ்டிட்' என்ற மருத்துவச் சொல்லை உருவாக்கினார். அட்லாண்டிக் கடலைத் தாண்டி பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போன 'திரவெஸ்தி' அங்கே வேடத்தையே உதறிவிட்டு, பெண்ணாக வாழும் ஒரு சமூகத்தாரின் அடையாளப் பெயராகிவிட்டது. மேடைக் கலைஞரைச் சொல்ல ஸ்பானியத்தில் உருமாறுபவர் என்ற பொருளில் 'டிரான்ஸ்ஃபார்மிஸ்தா' என்கிறார்கள். ஆக, பாரீசில் வேடம், பெர்லினில் மருத்துவக் குறிப்பு, புவனோஸ் ஐரெஸில் ஒரு மக்கட்கூட்டத்தின் பெயர். மொழிபெயர்ப்பவர்கள் இவ்விடத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

தாய்லாந்துல இருக்கிற கத்தோய்கள் டிராக் குவீனா?

அல்லர். கத்தோய் என்பது தாய்லாந்தில் நெடுங்காலமாக உள்ள ஒரு பாலின அடையாளம். சமோவா தீவில் 'ஃபாஅஃபாஃபினே' என்போரும் அவ்வாறே. சுற்றுலாப் பயணிகளுக்கான ஆட்ட அரங்குகளில் கத்தோய்கள் பலர் ஆடுவதால் இந்தக் குழப்பம் எழுகிறது. திருநங்கை பற்றிய பதிலில் சொன்ன வேறுபாடு இங்கும் பொருந்தும்.

நம்ம நாடகத்துல ஸ்திரீபார்ட் இருக்கே, அதைத்தான் வெளிநாட்டுல டிராக் குவீன்ங்கிறாங்களா?

இதைக் கேட்டவர் ஹார்மோனியம் வாசிக்கும் ஒரு பெரியவர். மதுரை வட்டாரத்தில் இதைவிட நல்ல கேள்வி இருக்க முடியாது. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி) என்பவை பாத்திர வகைகள். வள்ளி திருமணத்தில் வள்ளியும் பவளக்கொடியில் பவளக்கொடியும் ஸ்திரீபார்ட். யார் ஏற்றாலும் அது ஸ்திரீபார்ட்தான். அந்தச் சொல் நடிகரின் பாலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இன்று அந்த வேடத்தைப் பெரும்பாலும் பெண்களே ஏற்கிறார்கள். ஆகவே ஸ்திரீபார்ட் என்பதை டிராக் குவீன் என்று மொழிபெயர்க்க முடியாது.

ஆனால் நூறு ஆண்டு பின்னோக்கிப் போனால் இரண்டும் வெகு அருகில் நின்றன. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். சிறுவர்களை மட்டுமே கொண்ட பாய்ஸ் கம்பெனிகள் அக்காலத்தில் பெருகின. அவற்றில் சீதையும் சாவித்திரியும் கண்ணகியும் பையன்களே. சிவாஜி கணேசன் சிறுவனாக முதன்முதலில் ஏற்றது சீதை வேடம். மகரக்கட்டு என்று நாடகக்காரர்கள் சொல்லும் குரல் உடையும் பருவம் வந்ததும் பல சிறுவர்களின் ஸ்திரீபார்ட் வாழ்வு முடிந்துபோகும். அந்தச் சபாவில் வளர்ந்த டி.கே.சண்முகம் பெரியவரான பின்பு மூதாட்டி ஔவையாராக நடித்து, அந்த வேடத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் பெற்று ஔவை சண்முகம் ஆனார்.

பாத்திரத்துக்காக நடிகன் தன்னை மறைப்பது பாய்ஸ் கம்பெனியின் இலக்கணம். சீதையைப் பார்ப்பவர், அது ஒரு பையன் என்பதை மறந்துவிட வேண்டும். டிராக் மேடையிலோ, ஆண் பெண்ணாகியிருக்கிறார் என்பது பார்வையாளருக்குத் தெரிந்தே இருக்கிறது, அந்தத் தெரிதலே அக்கலையின் சுவை. தமிழ்நாட்டின் வடபகுதித் தெருக்கூத்தில் திரௌபதி வேடம் கட்டுபவரும், ஆந்திரத்துக் குச்சிப்புடியில் சத்தியபாமையாகவே வாழ்ந்தவர் என்று போற்றப்பட்ட வேதாந்தம் சத்தியநாராயண சர்மாவும், மராத்தி மேடையின் பால கந்தர்வரும் முதல் வகையைச் சேர்ந்தவர்கள். அவர்களை டிராக் குவீன் என்று எழுதும் ஆங்கிலக் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை. அதே நேரம், பெங்களூரில் 'மாயா' என்ற பெயரில் டிராக் மேடையேறும் அலெக்ஸ் மேத்யூவைப் போன்ற இன்றைய இந்தியக் கலைஞர்கள் நம் மரபிலிருந்தும் எடுத்துக்கொள்வதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை.

பழைய தமிழ் இலக்கியத்துல இந்த மாதிரி ஆட்டம் இருக்கா?

இருக்கிறது, அதுவும் பெயர் சொல்லி இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களில் ஒன்று பேடியாடல். 'ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்துக் காமன் ஆடிய பேடி ஆடலும்' என்கிறது கடலாடு காதை. வாணாசுரன் சிறைப்படுத்திய தன் மகன் அநிருத்தனை மீட்கக் காமன் பெண்மைக் கோலம் பூண்டு ஆடினான் என்பது கதை. ஆண் தெய்வம் கொண்ட பெண் கோலத்தை மாதவி என்ற பெண் மேடையில் ஆடிக் காட்டினாள் என்பதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். வேடத்துக்குள் வேடமாக அமைந்த ஆட்டம் அது.

மணிமேகலையில் அது தெருவுக்கே வந்துவிடுகிறது. மலர்வனம் புக்க காதையில், மணிமேகலையும் சுதமதியும் புகார் நகர வீதியில் நடக்கும்போது, 'பேடிக் கோலத்துப் பேடு காண்குநரும்' என்று கூட்டம் கூடி அந்த ஆட்டத்தைப் பார்ப்பது சொல்லப்படுகிறது. ஆடுபவரின் தோற்றத்தை வரிவரியாக வருணிக்கும் சாத்தனார் சுருண்ட தாடியில் தொடங்கி, பூங்குழல், பவளச் செவ்வாய், காதில் வெள்ளைத் தோடு என்று போகிறார். தாடியும் தோடும் ஒரே முகத்தில். 2014இல் ஆஸ்திரியாவின் கொஞ்சிதா வூர்ஸ்ட் தாடியோடு பெண் கோலத்தில் பாடி ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் வென்றபோது, இதுவரை காணாத புதுமை என்று உலகம் வியந்தது. புகார் வீதியில் நின்றவர்கள் அப்படி வியந்திருக்க மாட்டார்கள்.

மதுரையில் இருப்பவர்கள் மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போய், பேடி உருக்கொண்ட அர்ச்சுனன் சிற்பத்தைப் பார்க்கலாம். விராடன் அரண்மனையில் பிருகன்னளையாக நடனம் கற்பித்த கோலம் அது. அங்கும் முகத்தில் தாடி, உடலில் பெண்மை.

அப்படின்னா 'பேடி'ங்கிற நம்ம சொல்லையே டிராக் குவீனுக்கு வச்சுக்கலாமே?

வேண்டாம். காப்பியத்தில் ஆட்டத்தின் பெயராக இருந்த அச்சொல், திருக்குறளிலேயே 'பேடிகை ஒள்வாள்' என்று கோழையைக் குறிக்கும் உவமையாகிவிட்டது. நன்னூல் அதைப் பால் வகுப்பில் வைத்து இலக்கணம் சொன்னது. இன்று அது வசை. 'அலி' என்பதும் அப்படியே. யாரோ ஒருவர் காயப்படுவார் என்று தெரிந்த சொல்லைப் பழமையின் பெயரால் மீட்டெடுப்பது நியாயமன்று. அதனால் புண்பட்டவர்களே முன்வந்து எடுத்துக்கொண்டால் அது வேறு. 'குவீன்' என்ற சொல்லுக்கு நேர்ந்தது அதுதான்.

அழகர் மோகினி அலங்காரத்துல வர்றாரு, குலசேகரப்பட்டினத்துல ஆம்பளைங்க பொம்பளை வேஷம் போடுறாங்க. இதெல்லாம் டிராக்தானே?

சித்திரைத் திருவிழாவில் வைகையில் எழுந்தருளும் கள்ளழகர், ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரக் கோலங்களில் காட்சி தந்து மோகினிக் கோலமும் கொள்கிறார். அது இறைவனின் திருக்கோலம். கலைநிகழ்ச்சிக்கான சொல்லை அங்கே கொண்டுபோய் ஒட்டுவது பக்தர்களையும் மதிக்காது, கலையையும் விளக்காது. குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில் வேடம் கட்டுவது நேர்த்திக்கடன். விரதமிருந்து, காணிக்கை பெற்று, அம்மனிடம் செலுத்தி வேடம் களைகிறார்கள். கேரளத்தில் சவறைக்கு அருகிலுள்ள கொட்டாங்குளங்கரையில் ஆண்கள் பெண் உடையில் விளக்கேந்துவதும் வேண்டுதலே. கூவாகத்தில் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையரோ வேடமே போடவில்லை.

எனினும் இவற்றுக்கிடையே பொதுவான ஒன்று இல்லாமல் இல்லை. ஆண் உடலில் பெண் கோலத்தைக் கண்டு அதிராத, அதைக் கும்பிடவும் ரசிக்கவும் தெரிந்த கண்கள் இந்த ஊர்களில் நெடுங்காலமாக இருக்கின்றன. 'இதெல்லாம் நம் பண்பாட்டிலேயே இல்லை' என்று சொல்பவர்களிடம் நான் சுட்டிக்காட்டுவது அதை மட்டுமே.

பொம்பளைங்க ஆம்பளை வேஷம் போட்டா அதுக்கு என்ன பேரு?

ஆங்கிலத்தில் 'டிராக் கிங்'. அந்தச் சொல் பிறக்கும் முன்பே வெஸ்டா டில்லி என்ற ஆங்கிலக் கலைஞர் கோட்டும் தொப்பியுமாக இளைஞர் வேடமிட்டு அரங்குகளை நிறைத்தார். நம்மிடம் கும்பகோணம் பாலாமணி அம்மாளின் கம்பெனியில் எல்லா வேடங்களையும் பெண்களே ஏற்றார்கள். கே.பி.சுந்தராம்பாள் 1935இல் வெளிவந்த படமொன்றில் நந்தனாராகவே நடித்தார். மதுரையின் மகள் எம்.எஸ்.சுப்புலட்சுமி 1941இல் திரையில் நாரதராகத் தோன்றினார். அவர்களை யாரும் டிராக் கிங் என்று அழைக்கவில்லை, அழைக்கவும் தேவையில்லை. ஸ்திரீபார்ட் பற்றிச் சொன்ன காரணமே இங்கும்.

அவங்களைப் பத்திப் பேசுறப்ப 'அவன்'னு சொல்லணுமா, 'அவள்'னு சொல்லணுமா?

ஆங்கிலத்தில் இது பெரிய சிக்கல். மேடைக் கோலத்தில் இருக்கும்போது பெண்பாலிலும், வேடம் களைந்தபின் அவர் விரும்பும் பாலிலும் சொல்வது அங்குள்ள வழக்கம். தமிழில் 'அவர்' இருக்கிறது. 'வந்தார்', 'ஆடினார்' இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துங்கள், போதும்.

இப்படி வேஷம் போட்டு ஆடுறது சட்டப்படி தப்பா?

தப்பில்லை. ஆண் ஒருவர் பெண் உடை அணிவதோ அவ்வுடையில் ஆடுவதோ இந்தியாவில் குற்றமன்று. ஆனால் ஒரு காலத்தில் சிலருக்குக் குற்றமாக்கப்பட்டது. லண்டனில் போல்ட்டனும் பார்க்கும் விடுதலையான அதே 1871இல், ஆங்கில அரசு வட இந்தியப் பகுதிகளில் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தின் ஒரு பிரிவு, அரசுப் பதிவேட்டில் ஏற்றப்பட்ட, நம் திருநங்கையரைப் போன்ற ஹிஜ்ரா சமூகத்தார் பொது இடத்தில் பெண் உடையில் தோன்றினாலோ ஆடினாலோ பிடியாணையின்றிக் கைது செய்ய இடமளித்தது. லண்டனில் ஜூரிகள் விட்டுவிட்டதை இங்கே சட்டம் பிடித்துக்கொண்டது. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிக்கும்போதுதான், உடை எப்படி ஓர் அரசின் கவலையானது என்பது எனக்குத் தெளிவாயிற்று.

செய்தியில மொழிபெயர்க்கணும். 'இழுவை அரசி'ன்னு போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். அதைப் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. முதல் இடத்தில் 'டிராக் குவீன் எனப்படும் பெண் வேட மேடைக் கலைஞர்' என்று விளக்கிவிட்டு, பிறகு 'டிராக் குவீன்' என்றோ 'டிராக் கலைஞர்' என்றோ தமிழ் எழுத்தில் எழுதிச் செல்வது என் பரிந்துரை. 'பெண் வேடமிட்ட ஆண்' என்று மட்டும் எழுதினால் திருடனைப் பிடித்த செய்தியில் வரும் தொனி வந்துவிடுகிறது, மேலும் பெண்களும் திருநங்கையரும் இக்கலையில் இருப்பது மறைந்துபோகிறது. 'திருநங்கை' என்று எழுதுவது, மேலே சொன்னபடி, பொருளையே மாற்றிவிடும்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்களுக்கு நம் ஊரிலிருந்தே ஒரு செய்தி. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று தீர்ப்பளித்தது. ஒரு சொல்லுக்குத் தந்த விளக்கத்தால், பதிவு மறுக்கப்பட்ட ஒரு திருமணம் பதிவாவதற்கு வழி பிறந்தது. பிறகு, மதுரையிலிருந்து சென்னைக்குச் சென்று பாதுகாப்புக் கேட்ட இரு பெண்களின் வழக்கின் தொடர்ச்சியாக, பால்புதுமையரை, அதாவது பாலினத்தாலோ பாலீர்ப்பாலோ பெரும்பான்மையிலிருந்து வேறுபட்டவர்களை, கண்ணியமாகக் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. செய்தி எழுதுபவர்கள் அதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

டிராக் குவீன் வேற, திருநங்கை வேறன்னு சொல்றீங்க. ஆனா மார்ஷா ஜான்சன் தன்னை டிராக் குவீன்னுதானே சொல்லிக்கிட்டாங்க? அவங்களை இப்ப திருநங்கைன்னு எழுதுறாங்களே?

ஓர் ஆய்வு மாணவி கேட்டது. நான் முன்பு வகுத்துக் காட்டிய வேறுபாட்டைச் சோதிக்கும் கேள்வி. 1969 ஜூனில் நியூயார்க்கில் தன்பாலீர்ப்பு உடையோர் கூடிய ஸ்டோன்வால் என்ற மதுவிடுதியில் காவலர்களுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்த நாட்களில் முன்னணியில் நின்றவர்களில் ஒருவராக மார்ஷா பி. ஜான்சன் நினைக்கப்படுகிறார். அவரும் சில்வியா ரிவேராவும் வீடற்ற இளையோருக்காக 1970இல் ஓர் அமைப்பைத் தொடங்கியபோது, அதன் பெயரில் ஹிர்ஷ்ஃபெல்ட் உருவாக்கிய அந்தச் சொல்லின் ஆங்கில வடிவத்தையே வைத்தார்கள். அவர்கள் மேடைக் கலைஞர்களாக மட்டும் வாழவில்லை. தெருவிலும் வீட்டிலும் பெண் உடையிலும் பெண் பெயரிலும் இருந்தார்கள். ஆனாலும் தம்மை டிராக் குவீன் என்றே அழைத்துக்கொண்டார்கள். இன்று நாம் பிரித்துவைத்திருக்கும் சொற்கள் அன்று அவர்கள் கையில் இல்லை.

ஆகவே என் முந்தைய பதில் இன்றைய வழக்குக்கு உரியது. 1970களைப் பற்றிப் படிக்கும்போது அதை அப்படியே பின்னோக்கிப் பொருத்தக் கூடாது. அயாமே மேடைக்கு வெளியிலும் பெண்ணாக வாழச் சொன்னதையும், 'திரவெஸ்தி' கடல் கடந்து அடையாளமானதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வேடத்துக்கும் வாழ்வுக்கும் இடையிலான கோடு எல்லாக் காலத்திலும் ஒரே இடத்தில் இருந்ததில்லை. அந்த மாணவியின் ஆய்வேட்டுக்கு நான் சொன்ன யோசனை இதுதான்: மார்ஷா ஜான்சன் தம்மைப் பற்றிச் சொன்ன சொற்களை அவர் சொன்னபடியே முதலில் எழுத வேண்டும், பிறகு இன்றைய எழுத்தாளர்கள் அவரைத் திருநங்கை என்று ஏன் எழுதுகிறார்கள் என்பதைத் தனி வாக்கியத்தில் விளக்க வேண்டும். இரண்டையும் கலந்து ஒரே சொல்லாக்கிவிடக் கூடாது.